பெரிய ஆர்.வி. டிரெய்லருக்கு எந்த பிரேக் கன்ட்ரோலர்? வகை, வயரிங், செட்டிங்

3,500 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப் டிரக், 6,000 கிலோ எடையுள்ள ஆர்.வி. டிரெய்லரை, அதாவது தங்கும் வீட்டு வசதிகள் கொண்ட இழுவண்டியை, இழுத்துக்கொண்டு மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகிறது. டிரக்கின் இயக்க ஆற்றல் சுமார் 11 லட்சம் ஜூல். டிரெய்லருடையது சுமார் 19 லட்சம் ஜூல். வண்டி நிற்க வேண்டுமென்றால் இந்த 30 லட்சம் ஜூலும் எங்கேயாவது சூடாக மாறித்தான் ஆக வேண்டும். டிரெய்லரில் பிரேக் பிடிக்காவிட்டால் முழுச் சுமையும் டிரக்கின் நான்கு சக்கரங்கள் மேல் விழும். தனியாக ஓடும்போது செய்கிற வேலையைப் போல 2.7 மடங்கு வேலையை அவை செய்ய வேண்டியிருக்கும். இது சமதரைக் கணக்கு. மலை இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் ஆர்.வி. டிரெய்லர்களுக்கு அந்த வரம்பு 1,500 பவுண்டிலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய ஆர்.வி. டிரெய்லர்கள் எல்லாம் 10,000 பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டுபவை. பிரேக் இருக்கிறதா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. அந்த பிரேக்குக்கு யார், எப்போது, எவ்வளவு கட்டளை கொடுக்கிறார்கள் என்பதில்தான் குழப்பம் வருகிறது.

கட்டளை கொடுக்கும் அந்தப் பெட்டிதான் பிரேக் கன்ட்ரோலர். டிரக்கின் பிரேக் பெடலுக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் இடையே எண்ணெய்க் குழாய் எதுவும் கிடையாது. இருப்பது ஒரே ஒரு நீல வயர். அதில் எத்தனை வோல்ட் அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பதே கன்ட்ரோலரின் வேலை.

சக்கரத்துக்குள் நடப்பது

கன்ட்ரோலரைப் பார்ப்பதற்கு முன் டிரெய்லரில் எந்த வகை பிரேக் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வகைகள் உண்டு.

1. எலக்ட்ரிக் டிரம் பிரேக். வட அமெரிக்க ஆர்.வி. டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றில் இதுதான்.
2. எலக்ட்ரிக்-ஓவர்-ஹைட்ராலிக். மின் கட்டளையைப் பெற்று, டிரெய்லரிலேயே உள்ள ஒரு பம்ப் எண்ணெய் அழுத்தத்தை உருவாக்கும். விலை கூடிய, கனமான ஃபிஃப்த் வீல் டிரெய்லர்களில் (டிரக்கின் பின்தளத்தின் மேல் இணையும் வகை) டிஸ்க் பிரேக்கோடு சேர்ந்து வரும்.
3. சர்ஜ் பிரேக். டிரக் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளுகிற விசையையே வைத்து இணைப்பு முனையில் உள்ள சிலிண்டர் அழுத்தம் கொடுக்கும். இதற்குக் கன்ட்ரோலரே தேவையில்லை. படகு டிரெய்லர்களில் அதிகம் காணலாம். ஐரோப்பிய காரவன்களிலும் இதே தத்துவம்தான், ஆனால் அங்கே எண்ணெய்க்குப் பதில் இரும்புக் கம்பியும் கேபிளும் விசையைக் கடத்துகின்றன.

முதல் வகையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் செட்டிங், கோளாறு எல்லாமே இதிலிருந்துதான் புரியும். டிரம்மைக் கழற்றினால் அதன் உட்சுவரில், அச்சுக்கு அருகே, மழுமழுவென்று கடைந்த ஒரு வளையப் பரப்பு தெரியும். அதற்கு ஆர்மேச்சர் என்று பெயர். அதை எதிர்நோக்கி, ஒரு நெம்புகோலின் கீழ்முனையில் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு மின்காந்தம் இருக்கும். நீல வயரில் மின்சாரம் வந்ததும் காந்தம் ஆர்மேச்சரில் ஒட்டப் பார்க்கும். டிரம் சுழன்றுகொண்டிருப்பதால் காந்தத்தையும் கூடவே இழுக்கும். அந்த இழுப்பில் நெம்புகோல் சாயும், மேல்முனை பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின் மேல் அழுத்தும்.

அதாவது, ஷூவை அழுத்தும் பலம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. சுழலும் சக்கரமே அதைத் தருகிறது. மின்சாரம் வெறும் தூண்டுதல்தான். அதனால்தான் நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரில் மின்சாரம் கொடுத்தால் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்கும், பிடிப்பு தெரியாது. பின்னோக்கி நகரும்போது பிடிப்பு குறைவதற்கும், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டால் எந்தக் கன்ட்ரோலராலும் சரிசெய்ய முடியாததற்கும் இதுவே காரணம்.

கன்ட்ரோலர் வகைகள்: எது எப்படி முடிவெடுக்கிறது

கடையில் எல்லாப் பெட்டிகளும் ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம், உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அந்தப் பெட்டி எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது.

1. டைம்-டிலே வகை. இதற்குத் தெரிவது ஒன்றுதான்: பிரேக் லைட் எரிகிறதா இல்லையா. எரிந்ததும், நீங்கள் முன்பே வைத்த அளவு வரை வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றும். பெடலைத் தொட்டாலும் ஒரே ஏற்றம், ஓங்கி மிதித்தாலும் அதே ஏற்றம். அவசரமாக நிறுத்தும்போது முழு அளவுக்கு ஏற ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஒன்றரை நொடி என்பது 37 மீட்டர். அவ்வளவு தூரமும் 6,000 கிலோ டிரெய்லர் பின்னாலிருந்து அரைகுறை பிரேக்கோடு தள்ளிக்கொண்டிருக்கும். சிக்னலில் பெடலை அழுத்தியபடி நின்றாலோ முழு மின்சாரமும் காந்தங்களில் ஓடிக்கொண்டே இருக்கும். விலை குறைவு, எந்தக் கோணத்திலும் பொருத்தலாம், உள்ளே அசையும் பாகம் இல்லை. சின்ன டிரெய்லருக்கு இதெல்லாம் சரி. பெரிய ஆர்.வி.க்கு இதை வாங்க வேண்டாம்.

2. ப்ரொபோர்ஷனல் வகை, வேகத் தளர்வை உணர்வது. டிரக்கின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதை அளந்து அதற்கேற்ற வோல்டேஜை அனுப்பும். பழைய மாடல்களில் உள்ளே உண்மையாகவே ஒரு சின்ன ஊசல் இருக்கும், இப்போதைய மாடல்களில் ஆக்சிலரோமீட்டர் சிப். மெல்ல மிதித்தால் டிரெய்லரும் மெல்லப் பிடிக்கும், அழுத்தி மிதித்தால் அழுத்திப் பிடிக்கும். வெளியில் வாங்கிப் பொருத்தும் கன்ட்ரோலர்களில் பெரிய ஆர்.வி.க்கு நியாயமான தேர்வு இதுதான்.

இதற்கும் பலவீனங்கள் உண்டு. டிரக் முதலில் வேகம் குறைந்தால்தான் இதற்குச் செய்தி போகும். பனி உறைந்த சாலையில் டிரக்கின் சக்கரம் வழுக்கி வேகம் குறையாவிட்டால், டிரெய்லருக்கும் பிரேக் குறைவாகவே கிடைக்கும். இன்னொன்று, உணர்கருவிக்குச் சாய்வும் வேகத் தளர்வும் ஒன்றுபோலத்தான் படும். இறக்கத்தில் ஊசல் முன்னே சாய்ந்து, டிரெய்லர் தேவைக்கு மேல் பிடிக்கும். ஏற்றத்தில் குறைவாகப் பிடிக்கும். ஊசல் மாடலைச் சமமட்டமாகப் பொருத்தியே ஆக வேண்டும் என்று கையேடு வற்புறுத்துவது இதனால்தான். சிப் மாடல்கள் பொருத்திய கோணத்தைத் தாமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றிலும் பலவற்றைப் பயணத் திசைக்கு நேராக வைக்க வேண்டும், ஆடாமல் இறுக்க வேண்டும்.

3. பிரேக் அழுத்தத்தைப் படிக்கும் வகை. மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய் அழுத்தத்தை வைத்து முடிவெடுக்கும். தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் கன்ட்ரோலர்கள் டிரக்கின் சொந்த அழுத்த உணர்கருவியிலிருந்தே இதைப் பெறுகின்றன. ஃபோர்டு 2005 சூப்பர் டியூட்டியில் இதைக் கொண்டுவந்தது. இப்போது கனரக பிக்கப்புகளில் இது பரவலாகிவிட்டது. டிரக் வேகம் குறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காலின் அழுத்தம் நேரடியாகத் தெரிந்துவிடும். டிரக்கின் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கினால் டிரெய்லரின் பிரேக்கைத் தளர்த்தவும் இதற்குத் தெரியும். உங்கள் டிரக்கில் இது இருந்தால் வேறு எதையும் தேடி அலைய வேண்டாம்.

4. வயர்லெஸ் வகை. டிரக்குக்கும் டிரெய்லருக்கும் இடையிலான பிளக்கில் செருகிக்கொள்ளும் பெட்டி, அல்லது டிரெய்லரிலேயே பொருத்தும் பெட்டி. அடிப்படையில் இதுவும் வேகத் தளர்வை உணர்வதுதான். வயரிங் வேலை மிச்சம். ஆனால் டிரெய்லர் பிரேக்கைக் கையால் இயக்கும் பொத்தான் கைபேசித் திரையில் இருக்கிறதென்றால் பெரிய டிரெய்லருக்கு அது ஆகாது. காரணம் அடுத்த பத்தியில்.

கன்ட்ரோலரில் இருக்கும் கைநெம்பு, டிரக்கின் பிரேக்கைத் தொடாமல் டிரெய்லரை மட்டும் பிடிக்க வைக்கும். பக்கக் காற்றிலோ பெரிய லாரி முந்திச் செல்லும்போதோ டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கினால் செய்ய வேண்டியது: பெடலை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, கைநெம்பை மெல்ல அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டு நேராகும். இதற்குக் கிடைக்கும் நேரம் ஓரிரு நொடிகள். கண்ணை எடுக்காமல், கை நீட்டினால் எட்டும் இடத்தில் அந்த நெம்பு இருக்க வேண்டும். முழங்கால் இடிக்கும் இடத்திலும் இருக்கக் கூடாது.

ஆக்சில் கணக்கு

10 அங்குல, 12 அங்குல டிரம்களில் ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். சக்கரத்துக்கு ஒரு காந்தம் வீதம்:

1. ஒரு ஆக்சில்: 2 காந்தம், 6 ஆம்பியர்.
2. இரண்டு ஆக்சில்: 4 காந்தம், 12 ஆம்பியர்.
3. மூன்று ஆக்சில்: 6 காந்தம், 18 ஆம்பியர்.

இரண்டு ஆக்சில் வரை 20 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் போதும். மூன்று ஆக்சிலுக்கு 30 ஆம்பியர் வேண்டும். பெட்டியின் மேல் எத்தனை ஆக்சிலுக்கு என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். மலிவான சில மாடல்கள் இரண்டு ஆக்சிலோடு நின்றுவிடும். 40 அடி ஃபிஃப்த் வீல் டிரெய்லர்களில் மூன்று ஆக்சில் சாதாரணம். இன்று இரண்டு ஆக்சில் வைத்திருப்பவரும் நாளை மாற்ற நினைத்தால், நான்கு ஆக்சில் வரை தாங்கும் மாடலை இப்போதே எடுப்பது நல்லது.

பூஸ்ட் என்ற வசதியையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெடலைத் தொட்டவுடன் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல், ஒரு குறிப்பிட்ட அளவு பிரேக்கோடு தொடங்கச் செய்வதுதான் பூஸ்ட். டிரெய்லர் டிரக்கைவிட எடை குறைவு என்றால் இது தேவையில்லை. டிரக்கைவிடக் கனமான டிரெய்லருக்குத் தேவை. எடை வித்தியாசம் கூடக்கூட உயர்ந்த பூஸ்ட் நிலை. பெரிய ஆர்.வி.க்கு வாங்கும் கன்ட்ரோலரில் இது கட்டாயம் இருக்கட்டும்.

எலக்ட்ரிக்-ஓவர்-ஹைட்ராலிக் என்றால் கூடுதல் கவனம்

இந்த அமைப்பில் கன்ட்ரோலரின் நீல வயர் காந்தத்துக்குப் போவதில்லை, டிரெய்லரின் முன்புறம் உள்ள ஆக்சுவேட்டருக்குப் போகிறது. டிரம்மாக இருந்தால் சுமார் 1,000 பிஎஸ்ஐ, டிஸ்க்காக இருந்தால் சுமார் 1,600 பிஎஸ்ஐ அழுத்தம் தரக்கூடிய ஆக்சுவேட்டர் வேண்டும். டிஸ்க்குக்கு 1,000 பிஎஸ்ஐ யூனிட்டைப் போட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று கன்ட்ரோலரை மாற்றுபவர்கள் உண்டு. எத்தனை கன்ட்ரோலர் மாற்றினாலும் அது பிடிக்காது.

பார்க்க வேண்டியவை:

1. கன்ட்ரோலரில் ஹைட்ராலிக் முறை என்ற தேர்வு இருக்க வேண்டும். ராம் டிரக்குகளில் லைட் எலக்ட்ரிக், ஹெவி எலக்ட்ரிக், லைட் ஈ.ஓ.ஹெச்., ஹெவி ஈ.ஓ.ஹெச். என்று நான்கு நிலைகள் மெனுவிலேயே வரும் (ஈ.ஓ.ஹெச். என்பது எலக்ட்ரிக்-ஓவர்-ஹைட்ராலிக்). தவறான நிலையில் வைத்தால் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், இல்லையென்றால் தொட்டதும் வெட்டி இழுக்கும்.
2. கன்ட்ரோலர் காந்தத்தின் மின்சுமையை உணர்ந்துதான் டிரெய்லர் இணைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. ஆக்சுவேட்டர் நீல வயரில் மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். சில டிரக்குகள் இதனால் குழம்பி, டிரெய்லர் இணைப்பு இல்லை என்று செய்தி காட்டும். அந்த டிரக்குக்கும் ஆக்சுவேட்டருக்கும் பொருத்தம் உண்டா என்பதை இரண்டு கையேடுகளிலும் பார்த்துவிட்டு வாங்குங்கள். இடையில் போடும் அடாப்டரும் சில மாடல்களுக்கு உண்டு.
3. பம்ப் மோட்டாருக்கு டிரெய்லர் பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர் போக வேண்டும். பிளக் வழியாக வரும் சார்ஜ் வயரை நம்பி ஓட்டக் கூடாது.

வயரிங்: பெரும்பாலான புகார்களின் வேர்

கன்ட்ரோலரிலிருந்து வழக்கமாக நான்கு வயர்கள் வரும். கறுப்பு, பேட்டரி பாசிட்டிவுக்கு. வெள்ளை, நெகட்டிவுக்கு. சிவப்பு, பிரேக் லைட் சுவிட்சில் பெடல் மிதிக்கும்போது மட்டும் மின்சாரம் வரும் பக்கத்துக்கு. நீலம், பின்னால் உள்ள ஏழு முனை பிளக்குக்கு. நிறத்தை மட்டும் நம்பாமல் சோதனை விளக்கால் சரிபார்க்க வேண்டும்.

1. கறுப்பு வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, தானாக மீளும் சர்க்யூட் பிரேக்கரைப் போடுங்கள். சாதாரண ஃபியூஸ் போட்டால், ஒரு கணம் ஷார்ட் ஆனாலே பிரேக் முழுவதும் போய்விடும். தானாக மீள்வது சில நொடிகளில் திரும்ப வரும்.
2. வெள்ளை வயரை டேஷ்போர்டின் கீழுள்ள தகரத்தில் திருகாதீர்கள். நேராக பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள். எர்த் சரியில்லாத கன்ட்ரோலர் ஒரு நாள் பிடிக்கும், மறுநாள் பிடிக்காது.
3. புதிய டிரக்குகள் பலவற்றில் டேஷ்போர்டின் கீழே இதற்கென்றே ஒரு சாக்கெட் இருக்கும். அந்த மாடலுக்கான தயார் கேபிளை வாங்கிச் செருகினால் போதும். வயரை வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம்.
4. தொழிற்சாலை கன்ட்ரோலர் உள்ள டிரக்கில் இன்னொன்றையும் சேர்த்துப் பொருத்தக் கூடாது. இரண்டும் ஒரே நீல வயரில் ஒன்றுக்கொன்று எதிராக மின்சாரம் தள்ளும்.

வயரின் தடிமனுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கன்ட்ரோலரிலிருந்து பின் ஆக்சில் வரை 12 மீட்டர். போக, வர 24 மீட்டர். இரண்டு ஆக்சிலுக்கு 12 ஆம்பியர். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 14 கேஜ் வயரின் மின்தடை கிலோமீட்டருக்கு சுமார் 8.3 ஓம். 24 மீட்டருக்கு 0.2 ஓம். 12 ஆம்பியரில் 2.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட் கிளம்பினால் காந்தத்துக்குப் போய்ச் சேருவது 9.6 மட்டுமே. அதே இடத்தில் 10 கேஜ் வயர் என்றால் இழப்பு 1 வோல்ட்டுக்கும் குறைவு. கன்ட்ரோலரின் திரை இரண்டு நிலையிலும் 12 என்றே காட்டும். அதனால் திரையைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. காந்தத்தின் வாசலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கன்ட்ரோலர் துடிப்பு வடிவில் மின்சாரம் அனுப்புவதால், முழு அளவில் கைநெம்பை அழுத்திப் பிடித்தபடி அளந்தால்தான் மீட்டர் சரியான எண்ணைக் காட்டும்.

பல டிரெய்லர்களில் ஒரு பக்க சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் வயர், ஆக்சில் குழாயின் உள்ளேயே கட்டில்லாமல் கிடக்கும். ஓடும்போது ஒவ்வொரு குலுக்கலிலும் அது குழாயின் சுவரில் உரசும். சில ஆண்டுகளில் மேலுறை தேய்ந்து செம்பு வெளியே வரும். அப்புறம் குழியில் இறங்கும்போது மட்டும் கன்ட்ரோலர் ஷார்ட் என்று காட்டும், நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆக்சிலுக்கு வெளியே, உறையிட்ட குழாயில் புது வயர் போட்டு, கிளிப்பால் கட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு.

கெய்ன் வைக்கும் முறை

கெய்ன் என்பது அதிகபட்ச பிரேக்கின் வரம்பு. டிரெய்லரின் எடைக்கு ஏற்ப அதை வைக்க வேண்டும்.

1. முதலில் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்யுங்கள். சட்டத்தின் கீழ் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள், ஆக்சில் குழாயில் வைத்தால் அது வளைந்துவிடும். பின்தட்டின் அடியில் உள்ள துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைத் திருகி, சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவு இறுக்கி, பிறகு சுமார் 10 பல் தளர்த்துங்கள். லேசான உரசலோடு சுற்ற வேண்டும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் பிரேக் என்றால் இந்த வேலை குறையும், ஆனால் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.
2. புது ஷூ என்றால் பழக்க வேண்டும். மணிக்கு 40 மைலிலிருந்து 20 மைலுக்கு, 20 முதல் 30 முறை வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆறவிட வேண்டும். பழக்காத ஷூவில் வைத்த கெய்ன் ஒரு வாரத்தில் தப்பாகிவிடும்.
3. டிரெய்லரில் பயணத்துக்கான முழுச் சுமையையும் ஏற்றுங்கள். காய்ந்த, சமமான, ஆளில்லாத சாலை வேண்டும்.
4. மணிக்கு 20 முதல் 25 மைல் வேகத்தில், பெடலைத் தொடாமல் கைநெம்பை முழுமையாக அழுத்துங்கள்.
5. சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் கெய்னைக் குறையுங்கள். மந்தமாக இருந்தால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் இடமே சரியான இடம்.
6. பிறகு பெடலை மிதித்துப் பாருங்கள். டிரெய்லர் முதுகில் தள்ளுவதாகவும் தெரியக் கூடாது, பின்னால் இழுப்பதாகவும் தெரியக் கூடாது. தள்ளினால் பூஸ்ட்டை ஒரு நிலை கூட்டுங்கள்.

முழுச் சுமையில் உள்ள பெரிய டிரெய்லரில் சக்கரம் பூட்டாமலேயே போகலாம். அது கோளாறு அல்ல. அப்போது கெய்னை உச்சத்தில் வைத்தும் பிடிப்பு மென்மையாக இருந்தால்தான் வயரையும் ஷூவையும் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு முறை வைத்த கெய்ன் எப்போதைக்கும் அல்ல. 60 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்போது சுமார் 500 பவுண்டு கூடுதல். மழையில் சாலையின் பிடிப்பு குறைவதால் கெய்னையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கால் இறங்குங்கள். டிரம் சூடேறிவிட்டால் கெய்னைக் கூட்டிப் பயனில்லை, அது இன்னும் சூட்டைத்தான் கூட்டும். முதல் 200 மைலிலும், பிறகு 3,000 மைலுக்கு ஒரு முறையும் ஷூ இடைவெளியைப் பாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் எங்கே தேடுவது

நீல வயரில் ஆம்பியர் மீட்டரைத் தொடராக இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, கைநெம்பை முழுமையாக அழுத்துங்கள். வரும் எண்ணை ஆக்சில் கணக்கோடு ஒப்பிட்டால் பாதி நோய் தெரிந்துவிடும்.

1. 4 காந்தத்துக்கு 12க்குப் பதில் 9 ஆம்பியர் வந்தால் ஒரு காந்தமோ அதன் இணைப்போ போய்விட்டது. 6 வந்தால் பெரும்பாலும் ஒரு ஆக்சில் முழுவதும்.
2. எல்லாக் காந்தமும் உயிரோடு இருந்தும் எண் குறைந்தால் மெல்லிய வயர், துருப்பிடித்த பிளக், அல்லது எர்த்.
3. எண் கூடுதலாக வந்தால் எங்கோ செம்பு இரும்பைத் தொடுகிறது. காந்தத்தின் இரண்டு வயருக்கும் இடையே சுமார் 3.2 ஓம் காட்ட வேண்டும். வயருக்கும் காந்தத்தின் உடலுக்கும் இடையே இணைப்பே இருக்கக் கூடாது.
4. ஆம்பியர் சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால் கோளாறு மின்சாரத்தில் இல்லை, டிரம்முக்குள் இருக்கிறது. தளர்ந்த ஷூ, தேய்ந்த காந்தம், அல்லது கிரீஸ். ஹப்பில் அளவுக்கு மேல் கிரீஸ் அடித்தால் பின் சீல் விட்டுக்கொடுத்து ஷூவில் வழியும். ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

மீட்டர் கையில் இல்லாதபோது எளிய வழி, அகச்சிவப்பு வெப்பமானி. சில நிறுத்தங்களுக்குப் பிறகு ஒவ்வொரு டிரம்மின் சூட்டையும் அளந்து பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது.

கன்ட்ரோலர் கைவிட்ட பிறகு: பிரேக்அவே

டிரெய்லர் கழன்று போனால் கன்ட்ரோலரோடு தொடர்பு அறுந்துவிடும். அப்போது டிரக்கோடு மாட்டிய ஒரு கம்பியின் இழுப்பில், டிரெய்லரில் உள்ள பிரேக்அவே சுவிட்சின் பின் வெளியே வந்து, டிரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து முழு மின்சாரத்தையும் காந்தங்களுக்குத் திறந்துவிடும். அமெரிக்காவின் மத்திய விதிகள் வணிக வண்டிகளுக்கு 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும் என்கின்றன. பல மாநிலங்களும் அதே அளவையே கேட்கின்றன.

மூன்று ஆக்சிலில் 18 ஆம்பியர், கால் மணி நேரம் என்றால் 4.5 ஆம்பியர்-மணி. சின்ன டிரெய்லர்களில் வரும் 5 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் போதும் போலத் தெரியும். ஆனால் அவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது லெட்-ஆசிட் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. பெரிய ஆர்.வி.யில் வீட்டு வசதிக்கான பெரிய பேட்டரியிலிருந்தே இதற்கு இணைப்புக் கொடுக்க வேண்டும்.

சோதிக்கும் முறை: ஏழு முனை பிளக்கை முதலில் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பின்னோக்கி வரும் மின்சாரம் கன்ட்ரோலரைக் கெடுத்துவிடலாம். ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே பின்னை இழுங்கள். சக்கரம் சட்டென்று நிற்க வேண்டும். உடனே பின்னைத் திரும்பச் செருகுங்கள், மறந்தால் காந்தமும் சூடேறும், பேட்டரியும் காலியாகும். கம்பியின் மறுமுனையை டிரக்கின் சட்டத்தில் மாட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டினால் சங்கிலி அறும்போது கம்பியும் கூடவே போகும்.

கடைசியாக, டிரெய்லரின் பேட்டரி துண்டிப்பு சுவிட்ச். வண்டியை நிறுத்தி வைக்கும்போது பேட்டரி வடியாமல் இருக்க அதை அணைப்பார்கள். பிரேக்அவே வயர் அந்த சுவிட்சுக்குப் பிறகு இணைக்கப்பட்டிருந்தால், சுவிட்சைப் போட மறந்து கிளம்பிய பயணம் முழுவதும் பிரேக்அவே செத்துத்தான் இருக்கும். சுவிட்சை அணைத்த நிலையிலும் அந்தச் சோதனையை ஒரு முறை செய்து பாருங்கள். சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால், வயரைச் சுவிட்சுக்கு முன்னால், பேட்டரி முனையிலேயே, தனி சர்க்யூட் பிரேக்கரோடு மாற்றி இணைக்க வேண்டும்.